தாத்தாவின் பதக்கத்தைத் தேய்க்காதீர்கள், விளிம்பைப் படியுங்கள்

பெங்களூர் அல்சூரில் எனக்கு ஒரு பிரேம் கடை. சாமி படம், கல்யாணப் போட்டோ, பையன் வாங்கிய சர்டிபிகேட், இதுதான் அன்றாடப் பிழைப்பு. ஆனால் இது தண்டு, அதாவது கன்டோன்மென்ட் பகுதி. பட்டாளத்தோடு ஒட்டி வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் சுற்றிலும் இருப்பதால், வருஷத்துக்குப் பத்துப் பேராவது பழைய பதக்கத்தோடு கடை ஏறுவார்கள். கைக்குட்டையில் முடிந்து வருபவர் உண்டு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் பொத்தான்களோடு போட்டு எடுத்து வந்த பாட்டியும் உண்டு. எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “எங்க தாத்தா குதிரைப்படையில இருந்தாரு. அழகா ஒரு பிரேம் போட்டுக் குடுங்க.”

நான் முதலில் கேட்பது, “எப்படித் தெரியும்?” பாதிப் பேர் பதக்கத்தைத் திருப்பிக் காட்டி, “இதோ குதிரை இருக்கே!” என்பார்கள். எங்கள் வீட்டிலும் அறுபது வருஷம் இதே கதைதான் ஓடியது. அதை எப்படிப் படித்துத் திருத்தினேன் என்பதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒன்று கிடந்தால் உதவும்.

எடுத்த எடுப்பில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். தேய்க்காதீர்கள். எங்கள் பெரியம்மா வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் குத்துவிளக்கோடு சேர்த்துத் தாத்தாவின் பதக்கத்தையும் புளி போட்டுத் தேய்த்தார். பக்தியோடு செய்ததுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ராஜாவின் மூக்கு போய்விட்டது. அதைவிட மோசம், விளிம்பில் பொறித்த எழுத்துகளில் இரண்டு அழிந்தே போயின. பதக்கத்தில் உண்மையான விஷயம் எழுதியிருப்பது முகத்தில் அல்ல, அந்த விளிம்பில்தான். கடையில் விற்கிற பித்தளை பாலிஷும் வேண்டாம், பல்பொடியும் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் தூசியை ஒற்றி எடுத்தால் போதும். கறுத்திருந்தால் கறுத்தே இருக்கட்டும்.

அடுத்து, எந்தப் பதக்கம் என்று பாருங்கள். முதல் உலகப் போருக்கு நம் வீடுகளில் அதிகம் கிடைப்பது பிரிட்டிஷ் வார் மெடல். வட்டம், குறுக்களவு 36 மில்லிமீட்டர். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. மறுபக்கம் துணியில்லாமல் குதிரைமேல் உட்கார்ந்த ஒரு மனிதன், குதிரையின் காலடியில் கழுகு போட்ட கேடயமும் ஒரு மண்டையோடும், ஓரத்தில் 1914, 1918. மேலே ரிப்பன் கோக்க நேரான ஒரு பட்டை. ரிப்பன் மிச்சமிருந்தால் நடுவில் ஆரஞ்சு, இரண்டு பக்கமும் வெள்ளை, கறுப்பு, நீலம்.

அந்தக் குதிரைமேல் இருப்பவர் செயின்ட் ஜார்ஜ், ஆங்கிலேயர்களின் காவல் புனிதர். இந்தப் பதக்கம் 60 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டது. கப்பலில் கரி அள்ளிப் போட்டவனுக்கும், ஆஸ்பத்திரி நர்ஸுக்கும், குதிரையைக் கிட்டத்தில் பார்க்காத காலாளுக்கும் இதே குதிரைதான். அதனால் குதிரையை வைத்துக் குதிரைப்படை என்று முடிவு கட்டாதீர்கள்.

அதனுடன் ஜோடியாக வருவது விக்டரி மெடல். வெண்கலம், இறக்கை விரித்த ஒரு பெண் உருவம், பின்னால் 1914–1919 என்ற வருஷம், மேலே வளையம், வானவில்லை இரண்டாக மடித்து வைத்த மாதிரி ரிப்பன். மூன்றாவதாக நட்சத்திர வடிவில், குறுக்கே இரண்டு வாள்களோடு ஒன்று இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதன் நடுவில் 1914-15 என்று இருந்தால், 1915 டிசம்பர் 31க்குள் போர்க்களம் போனவர் என்று பொருள். 1914 மட்டும் இருந்து, மேலும் கீழும் ஆகஸ்ட், நவம்பர் என்று இருந்தால் அது பிரான்ஸிலோ பெல்ஜியத்திலோ அந்த மாதங்களில் இருந்தவருக்கு. நட்சத்திரம் இல்லாவிட்டால் ஒன்று அவர் பிற்பாடு போனார், அல்லது அந்த நட்சத்திரம் எங்கோ தொலைந்தது. நட்சத்திரத்துக்கு மட்டும் பெயர் விளிம்பில் இருக்காது, முதுகில் இருக்கும்.

வெள்ளிப் பதக்கத்தில் ஒரு கோட்டையும் மலையும் இருந்தால் அது 1908ஆம் வருஷத்து இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடல், பெரும்பாலும் வடமேற்கு எல்லைப் போர்களுக்கு உரியது. அந்தக் கோட்டை ஜம்ருத். ரிப்பன்மேல் மாட்டிய பட்டையில் எந்தச் சண்டை, எந்த வருஷம் என்று இருக்கும். ஆறு முனை நட்சத்திரம் என்றால் இரண்டாம் உலகப் போர். அந்தப் போருக்குப் பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொடுத்ததில் பெயரே கிடையாது. நம்மவர்களுக்குக் கொடுத்ததில் பொறித்துக் கொடுத்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் நாம் பாக்கியசாலிகள்.

சரி, விளிம்பு. காலை வெயில் சாய்வாக விழும் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் எழுத்து தெரியாது, பக்கவாட்டில் அடிக்க வேண்டும். போன் டார்ச்சைப் பதக்கத்தின் மட்டத்துக்குப் படுக்க வைத்தாலும் சரி. ஆசாரிகள் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் ஒன்று கிடைத்தால் நல்லது. நான் பயன்படுத்துவது பட்டர் பேப்பர். மெல்லிய துண்டாக வெட்டி விளிம்பைச் சுற்றிப் பிடித்து, மென்மையான பென்சிலால் லேசாகத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூடத் தாளில் வரும். குழந்தைப் பருவத்தில் நாலணாவை வைத்து எல்லோரும் செய்த வேலைதான். ஒரே போட்டோவில் முழு விளிம்பையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழெட்டுப் படம் எடுங்கள்.

பெரும்பாலும் வரிசை இப்படி இருக்கும்: எண், பதவி, பெயர், படை. எல்லாம் ஆங்கில எழுத்தில், சுருக்கி. எஸ்.டபிள்யூ.ஆர். என்றால் சவார், அதாவது சாதாரணக் குதிரை வீரர். காலாட்படையில் சிப்பாய் எப்படியோ அப்படி. டி.எஃப்.டி.ஆர். என்றால் தஃபேதார், காலாட்படையின் ஹவில்தார் மாதிரி. முன்னால் எல் இருந்தால் லான்ஸ் தஃபேதார். அதற்கு மேலே ஜமேதார், ரிஸால்தார். பெரிய குடும்பக் கதைகளில் எல்லாத் தாத்தாவும் ரிஸால்தார்தான். விளிம்புகளில் எல்லோரும் சவார்தான். இது நான் என் அனுபவத்தில் கண்ட விகிதம், சிரிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் “இது வேறு ஆள்” என்று கைவிட வேண்டாம். முனுசாமியை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதலாம், குமாஸ்தா ஆறாவதாக ஒன்று எழுதுவான். அப்பா பெயரை மகன் பெயராக எழுதியதும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எண் முக்கியம். ஆனால் அந்த எண் அந்தப் படைக்குள் மட்டும் செல்லும். வேறு படையில் அதே எண்ணில் வேறு ஆள் இருப்பார். எண்ணையும் படையையும் சேர்த்தே எப்போதும் எழுதுங்கள்.

படையின் பெயரில் ஐ.எஸ். என்று இரண்டு எழுத்து வந்தால் அங்கே நில்லுங்கள். இம்பீரியல் சர்வீஸ் என்பதன் சுருக்கம் அது. பிரிட்டிஷ் இந்தியப் படை அல்ல, சமஸ்தான ராஜா செலவில் வளர்த்துப் போருக்கு அனுப்பிய படை. பெங்களூருக்காரர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் மைசூர் லான்ஸர்ஸ் என்ற ஈட்டிக் குதிரைப்படை அந்த வகை. இதைக் கவனிக்காமல் போனால் நீங்கள் தப்பான அலுவலகத்தின் வாசலில் வருஷக் கணக்கில் நிற்பீர்கள். நான் நின்றேன்.

மாறாக 26, 27, 28 என்ற எண்ணோடு லைட் கேவல்ரி என்று இருந்தால், அது பழைய மதராஸ் குதிரைப்படையின் வாரிசு. இங்கே இன்னொரு சிக்கல். 1922ல் இந்தியக் குதிரைப்படைகளை 39லிருந்து 21 ஆகச் சுருக்கி, எண்ணையெல்லாம் மாற்றினார்கள். 28 ஏழாகவும், 27 பதினாறாகவும், 26 இன்னொன்றோடு சேர்ந்து எட்டாகவும் ஆயின. தாத்தா பதக்கத்தில் ஒரு எண், பென்ஷன் தாளில் வேறு எண் என்றால் பதற வேண்டாம். இரண்டாம் போரில் குதிரைப்படை என்றால் குதிரையும் இல்லை. 1944ல் பர்மா எல்லையில் இம்பால் பக்கம் சண்டை போட்ட 7 லைட் கேவல்ரி டாங்கியில் போனது.

இப்போது எங்கள் பதக்கம். பெரியம்மா போன பிறகு அது என் கைக்கு வந்தது. பட்டர் பேப்பரில் தேய்த்தேன். எண் வந்தது, தாத்தா பெயர் முக்கால்வாசி வந்தது, கடைசியில் மைசூர் ஐ.எஸ். லான்ஸர்ஸ் என்று தெளிவாக வந்தது. எனக்குக் கை நடுங்கியது. வீட்டுக் கதைப்படி தாத்தா ஈட்டியைப் பிடித்துக்கொண்டு பாலஸ்தீனத்து ஹைஃபாவில் துருக்கிக்காரன் பீரங்கிமேல் பாய்ந்தவர். ஆனால் பதவி இருக்க வேண்டிய இடத்தில் நாலே எழுத்து. எஸ், ஏ, ஐ, எஸ். ஏதோ சார்ஜெண்ட் மாதிரிப் பெரிய பதவியின் சுருக்கம் என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள் ஒரு ரிடயர்டு சுபேதார் கடைக்கு வந்தார். லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சுருக்கம் இல்ல தம்பி, முழு வார்த்தை. சைஸ். குதிரைக்காரர்.”

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. பதக்கம் வெண்கலம். பெரியம்மா தேய்த்துத் தேய்த்து வெள்ளி பூச்சு போய்விட்டது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். பூச்சே கிடையாது. பிரிட்டிஷ் வார் மெடலைச் சண்டை போட்டவர்களுக்கு வெள்ளியிலும், கூடப் போன சைஸ், தண்ணீர் சுமக்கும் பிஸ்தி, சமையல்காரர், கூலிப்படை ஆட்களில் பலருக்கு வெண்கலத்திலும் கொடுத்தார்கள். ராஜா தலை, புனிதர், குதிரை எல்லாம் ஒன்றுதான், உலோகம் மட்டும் வேறு. உங்கள் வீட்டுப் பதக்கத்தில் குதிரைமேல் ஆள் இருந்து, உலோகம் செம்பு நிறமாக இருந்தால், அதை விக்டரி மெடல் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். போருக்குக் கூடப் போன உழைப்பாளியின் பதக்கம் அது. ஒரு விதத்தில் அந்த வெண்கலம்தான் அதைக் காப்பாற்றியது. வெள்ளியாக இருந்திருந்தால் எங்கள் அத்தையின் கல்யாணத்தில் கொலுசாகியிருக்கும். அப்படி உருகிப்போன பதக்கங்களின் கதை இந்தத் தெருவிலேயே நாலு வீட்டில் கேட்டிருக்கிறேன்.

அத்தையிடம் சொன்னேன். தொண்ணூறு வயது. “என்னடா சொல்ற, எங்கப்பா குதிரைக்குப் புல்லு போட்டவரா?” என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சைஸ் என்றதும் தேடுவதை விட்டுவிடவில்லை. ஆளைப் பற்றிய தனி ஏடு கிடைப்பது அரிது. பிரிட்டிஷ்காரர்கள் இந்தியச் சிப்பாய்களின் ஏடுகளை லண்டனில் வைத்துக்கொள்ளவில்லை. பஞ்சாபுக்காரர்களுக்கு மட்டும் லாகூர் மியூசியத்தில் கிடந்த பதிவேடுகள் கணினியில் ஏறிவிட்டன. நமக்கு அந்த யோகம் இல்லை. ஆனால் படை எங்கே போனது என்பது நாள்வாரியாக இருக்கிறது. ஆளைத் தேடாதீர்கள், படையின் பயணத்தைத் தேடுங்கள். அதற்குள் உங்கள் ஆளை உட்கார வையுங்கள்.

மைசூர் லான்ஸர்ஸுக்கு அந்தப் பயணம் இப்படி: 1914 அக்டோபரில் பம்பாயில் கப்பல். ஹைதராபாத், பட்டியாலா லான்ஸர்களோடு சேர்ந்து இம்பீரியல் சர்வீஸ் குதிரைப் பிரிகேடு என்ற பெயரில் எகிப்து. 1915ல் துருக்கியர்கள் சூயஸ் கால்வாயைத் தாக்கியபோது அங்கே காவல். அப்புறம் பாலஸ்தீனம். 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா. 1918ல்தான் பிரான்ஸிலிருந்து வந்து பிரிகேடில் சேர்ந்த ஜோத்பூர் லான்ஸர்கள் கார்மெல் மலைக்கும் கிஷோன் ஆற்றுச் சேற்றுக்கும் நடுவில் இருந்த குறுகிய வழியில் பாய்ந்தார்கள். மைசூர் ஆட்களில் ஒரு பகுதி மலைமேல் ஏறி அங்கிருந்த பீரங்கிகளைப் பிடித்தது. 1,350 கைதிகள், 17 பீரங்கிகள். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 26 அன்று, சிரியாவின் அலெப்போவுக்கு வடக்கே ஹரிதானில் கடைசிச் சண்டை. அந்த மாத முடிவில் துருக்கியோடு போர் நின்றது.

ஹைஃபாவில் இறந்த நம் வீரர்கள் 8 பேர், காயம் 34. இது எல்லோரும் சொல்கிற கணக்கு. அதே கணக்கின் அடுத்த வரியை நான் சைஸின் பேரன் ஆன பிறகுதான் படித்தேன்: இறந்த குதிரைகள் 60, காயப்பட்டவை 83. அன்று சாயங்காலம் அந்த 83 குதிரைகளுக்கு யார் தண்ணீர் காட்டியிருப்பார்கள், யார் காயத்தைக் கழுவியிருப்பார்கள்? சண்டை ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. சைஸின் வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்திருக்கும்.

எங்கெல்லாம் தேடலாம் என்று கேட்டால், முதலில் வீட்டுப் பெட்டி. டிஸ்சார்ஜ் தாள், பென்ஷன் புத்தகம், பழைய ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்த கடிதம். பிறகு ஜே.சி. நகர் போய் முனிரெட்டிபாளையம் பக்கம் இருக்கும் மைசூர் லான்ஸர்ஸ் நினைவுத் தூணைப் பாருங்கள். பெங்களூரில் பிறந்து வளர்ந்த பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கல்லில் பெயர்கள் இருக்கின்றன. காலையில் போனால் வெளிச்சம் சாய்வாக விழும், படிக்க வசதி. அவை போரில் இறந்தவர்களின் பெயர்கள். உங்கள் தாத்தா திரும்பி வந்ததால்தான் நீங்கள் இருக்கிறீர்கள், அதனால் அங்கே பெயர் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். டெல்லி தீன் மூர்த்தியில் நிற்கும் மூன்று சிலைகள் இந்தப் பிரிகேடுக்காக 1922ல் வைத்தவை. 2018ல் அந்தச் சந்திப்பின் பெயரோடு ஹைஃபாவையும் சேர்த்தார்கள்.

வெளிநாட்டில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் இறந்த இந்தியர்களின் நினைவுச்சின்னம் முதலில் சூயஸ் அருகே போர்ட் தௌஃபீக்கில் இருந்தது. பிற்காலத்துச் சண்டையில் அது இடிந்துபோக, 1980ல் கெய்ரோ ஹெலியோபொலிஸில் புதிதாக வைத்தார்கள். பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள், அல்லது படையின் பெயரை மட்டும் போட்டு மொத்தப் பட்டியலையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

சமஸ்தானப் படை என்றால் விதான சௌதாவில் இருக்கும் கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். மைசூர் அரசின் கோப்புகளும் வருடாந்தர நிர்வாக அறிக்கைகளும் முக்கியம். அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வருஷம், எந்தப் படை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். “எங்க தாத்தாவைப் பத்தி ஏதாச்சும்” என்று கேட்டால் அங்கே யாராலும் உதவ முடியாது. டெல்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். சமஸ்தானப் படைகளின் விஷயம் ராணுவத் துறையில் மட்டும் இருக்காது, வெளியுறவு மற்றும் அரசியல் துறைக் கோப்புகளில் இருக்கும். இதைத் தெரியாமல்தான் நான் தப்பான வாசலில் நின்றேன். ஒரு அலுவலகத்தில் மூன்று தடவை கடிதம் கொடுத்து, நான்காம் தடவை “அப்படி ஒரு படையே இல்லை” என்று பதில் வாங்கி வந்தேன். அந்தத் தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், பிரேம் போட ஆசை.

லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் போர் நாட்குறிப்புகள் உள்ளன. பிரிகேடின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அதிகாரிகள் தவிர யார் பெயரும் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் குதிரைப்படையின் குறிப்பு என்பதால் தண்ணீர் எங்கே, தீவனம் எவ்வளவு, எத்தனை குதிரை நொண்டியது என்பதெல்லாம் வரும். இரண்டாம் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் இந்தியக் குதிரைப்படை என்றால் வழி வேறு. அகமத்நகரில் (இப்போது அஹில்யாநகர்) உள்ள ஆர்மர்டு கோர் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எண், பெயர், படை, உறவுமுறைச் சான்றோடு எழுதுங்கள்.

காசு கொடுத்துப் பதக்கம் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. விளிம்பை அரத்தால் தேய்த்துப் பழைய பெயரை அழித்து, விலைபோகும் படையின் பெயரைப் பொறிக்கும் வித்தை உண்டு. வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள், 36க்குக் குறைந்தால் அரம் பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நானே இப்படி ஒன்று வாங்கி ஏமாந்தேன். நூறு வருஷம் தாண்டிய பொருள் சட்டப்படி பழம்பொருள் ஆகிவிடும் என்பதால், அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்குக் கூரியரில் அனுப்பலாம் என்று யோசிப்பவர்களும் முதலில் விசாரியுங்கள்.

கடைசியாக என் தொழில். பிரேம்காரர் பசையை எடுத்தால் கையைப் பிடியுங்கள். நானும் தொடக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், அந்த வாடிக்கையாளரை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பதக்கத்தை ஒட்டக்கூடாது, துளை போடக்கூடாது. ரிப்பனை மட்டும் அட்டையில் நூலால் தைக்க வேண்டும். அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு கேளுங்கள். அடியில் கம்பளித் துணி வைக்க வேண்டாம், அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கும். கண்ணாடிக்கும் பதக்கத்துக்கும் ஒரு விரல் இடைவெளி. பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரியில் வைப்பதைவிட இது நல்லது. மழைக்காலத்தில் ஈரம் ஏறும் சுவர் என்றால் மாட்ட வேண்டாம்.

பிரேமின் முதுகில் ஒரு தாள் ஒட்டச் சொல்வேன். மூன்று பத்தி: விளிம்பில் உள்ளது, ஏட்டில் கண்டது, வீட்டில் சொல்வது. மூன்றையும் கலக்காமல் எழுத வேண்டும். எங்கள் தாத்தாவுடையதில் முதல் பத்தியில் எண்ணும், சைஸ் என்ற சொல்லும், மைசூர் ஐ.எஸ். லான்ஸர்ஸும். இரண்டாவதில் பம்பாய் முதல் ஹரிதான் வரை, 60 குதிரை, 83 குதிரை. மூன்றாவதில் ஈட்டிக் கதையை எழுதி முடித்திருந்தேன். அதைப் படித்துக் காட்டச் சொன்ன அத்தை, “இன்னும் ஒண்ணு எழுது” என்றார். “எங்கப்பா எந்தக் குதிரைகிட்டப் போனாலும் அது காதை நிமித்தும். ஜட்கா ஸ்டாண்டுல நானே பார்த்திருக்கேன்.” இடம் இல்லாததால் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.